பொட்டுக்கு அடியில் ஓர் எழுத்து

2024 நவம்பர் 20, புதன், காலை பத்தே கால், தூறல். பெரம்பலூர் டெக்னீஷியன் பெண் முந்தின நாள் ஒரே விண்டோஸ் நகலை எங்கள் அரியலூர் முந்திரி மண்டியின் ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஏற்றியிருந்தார். ஒன்றிலும் நெட் வரவில்லை. ஜிஎஸ்டி கணக்கை ஏற்ற அன்றுதான் கடைசி நாள். போன் போட்டு அவரையே மறுபடி வரச் சொன்னேன்.

வந்தவர் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த மாடல் லேபிளைப் பார்த்தார்.

"மாடல் நம்பர இதப் பார்த்துத்தான் போன்ல சொன்னீங்களா சார்?"

"ஆமாம்மா, படிச்சுத்தான் சொன்னேன்."

"கடைசி எழுத்து மேல பொட்டு வச்சிருக்கீங்களே."

ஆயுதபூஜைச் சந்தனம் ஆறிலும் அதே இடத்தில் இருந்தது. அடியில் மறைந்த எழுத்தை நான் விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறேன்; எழுத்து மாறினால் நெட்வொர்க் கார்டும் வேறாம். துடைத்துப் பார்த்து, அந்தக் கார்டை இயக்கும் சரியான டிரைவர் மென்பொருளைப் போட்டதும் ஆறிலும் நெட் வந்தது.

"அடுத்த வருஷம் மானிட்டர்ல வைங்க சார், சாமி கோவிச்சுக்காது."

பகல் பன்னிரண்டுக்குள் கணக்கு ஏறியது. எனக்கும் மூச்சு வந்தது. மறுபடி வந்ததற்குப் பணம் வேண்டாம் என்றுவிட்டார். ஆன செலவு இரண்டு டீ, இருபத்து நான்கு ரூபாய்.