ரோமாபுரி விருந்துக்கு நான் ஊறவைத்த மீன்

துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் சென்னைக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மட்டும் மாட்டார்.

ஒரு மதியம் ஸ்டாஃப் அறையில், தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் நானே வைத்து எடுத்து வந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் திறந்தேன். அவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். டப்பாவைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தார்.

"என்னய்யா இது, நாத்தம் லாபி வரைக்கும் வருது? கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்ணா யாரு பதில் சொல்றது? இனிமே இத இங்க கொண்டு வராத, கலாஸ், அவ்வளவுதான்."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரமே ஒரு கூட்டம் போட்டார்கள். பழைய ரோமானியச் சாப்பாட்டை வைத்து இரண்டு மாதம் கழித்து ஒரு விருந்து. அதற்காக வந்திருந்த இத்தாலியச் சமையல்காரர் பொறுமையாக விளக்கினார். சாதாரண ஜனங்கள் தின்றது கோதுமைக் கஞ்சி, பருப்பு, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ். தக்காளியோ மிளகாயோ அவர்கள் கண்டதே இல்லை. ருசிக்கு ஒரு மீன்சாறு: மீனையும் குடலையும் உப்பில் புதைத்து, வெயிலில் மாதக்கணக்கில் வைத்து வடித்தது.

சென்னைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ ராமநாதபுரம் பக்கம்தானே? உப்பு மீன் வேலை தெரியும்ல? நீயே பண்ணு."

செய்தேன். மத்தி மீனை உப்போடு ஜாடிகளில் அடுக்கி, ஹோட்டல் மொட்டை மாடியில் கொளுத்தும் வெயிலில் தினமும் கிளறினேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கை நாறியது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

விருந்தன்று சென்னைக்காரர் அந்தச் சாற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்தி, "ரெண்டாயிரம் வருஷத்து வாசனை" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒவ்வொரு மேசையாக முகரக் கொடுத்தார். கை தட்டினார்கள். பரிமாற நின்றிருந்த என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சார், அன்னைக்கு நாத்தம்னு என் சோத்துக் கொழம்பக் கொட்டுனீங்க. இதுவும் மீனும் உப்பும்தான?"

"மெதுவா பேசு. அது வேற, இது வேற."

"என்ன வேற? சொல்லுங்க சார்."

அவர் கிண்ணத்தோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். என்ன விஷயம் என்று இத்தாலியர் கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இத்தாலியரின் முகம் சிவந்துவிட்டது. "ரோமிலும் இதைச் செய்தவர்களை, நாற்றம் என்று ஊருக்கு வெளியேதான் வைத்தார்கள்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ, ரெண்டாயிரம் வருஷம் கழித்தும் அதே இடம்தானா என்று உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் விருந்தினர் முன் ஒழுங்கீனம் என்று வார்னிங் லெட்டர் நீட்டினார்கள். கையெழுத்துப் போட மறுத்தேன். ஒப்பந்தம் முடியும்வரை வெங்காயம் உரிக்க விட்டார்கள். உரித்தேன்.

பிறகு ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு சின்ன மெஸ்ஸில் சேர்ந்தேன். ஒரு நாள் சென்னைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, அந்த மீன்சாத்துக்கு உப்பு எவ்வளவு போட்ட? கெஸ்ட் திரும்பக் கேக்கறாங்கப்பா."

முதல் தடவையாகத் தம்பி என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.