மூச்சு வாங்கினால்தான் உள்ளே

அன்றைக்கு அவசரப் பிரிவு வாசலில் நைனா இருந்தார், நான் இருந்தேன், நைனாவைக் கையில் ஏந்தியபடி பாவா இருந்தார். அம்மாவும் அக்காவும் இல்லை, ஜுரத்தோடு வீட்டில் படுத்திருந்தார்கள். வாட்ச்மேன் இல்லை. முந்தின நாள் கூட்டம் அவர் சட்டையைக் கிழித்து அடித்ததிலிருந்து அவர் வேலைக்கே வரவில்லை. டாக்டர் உள்ளே யாருடைய நெஞ்சையோ அமுக்கிக்கொண்டிருந்தார். பாதி இழுத்துவிட்ட இரும்பு கேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு சிஸ்டர் நின்றார். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மற்ற எல்லாரும் கொரோனா பரிசோதனைக்காக வந்தவர்கள்.

நைனா என்றால் அப்பா, பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறிகளுக்கு நூல் மூட்டை ஏற்றி இறக்கும் லோடு ஆட்டோ வைத்திருந்தார், சொந்த வண்டி. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். முதல் நாள் அரக்கோணம் ஸ்டேஷன் வரை மூட்டைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ள நான் இறங்கியபோது, "தொரை எறங்குறாரு, வழி வுடுங்கோ" என்று ஸ்டேஷன் வாசலே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு முரட்டுத்தனமும் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

தறிகள் நின்றதும் லோடு நின்றது. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் கம்பெனி வேலைக்கு அலைந்தார்கள். நோய் இல்லை என்று ஆஸ்பத்திரிக் காகிதம் காட்டினால்தான் கம்பெனி பஸ்ஸில் ஏற்றுவார்கள். அவசரப் பிரிவு வாசலை ஒட்டிப் பரிசோதனைக்குப் போட்டிருந்த பந்தலில், மூக்கில் விட்டு எடுக்கும் குச்சிகள் காலையிலேயே தீர்ந்துவிடும், வரிசை மட்டும் கலையாது. அவசரப் பிரிவுக்கென்று மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறலோடு வருகிறவர்களுக்கு அங்கே உடனே எடுப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவிகள் எல்லாம் உள்ளே கட்டில்களுக்குப் போய்விட்டதால், வாசலில் சிஸ்டர் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தார். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் எங்கள் பாவா.

மலைமேல் முருகன் கோயில் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. மலையடிவாரத்தில் குறுக்கே கட்டியிருந்த கம்புக்கு அடியில் நுழைந்து, வருஷத்து நாளுக்கு ஒன்றாக இருக்கும் அத்தனை படியையும் ஓட்டமாக ஏறி இறங்கி, நிற்காமல் ஆஸ்பத்திரிக்கே ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உடனே குச்சி விட்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்டாண்டில் வந்து நடித்துக் காட்டினார். "மேல முருகன ஒரு எட்டு பாத்துட்டு வந்தேன், கீழ சிஸ்டரு மூக்குல குச்சி வுட்டுட்டாங்கோ." இரண்டு மூன்று நாட்களில் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் மலையேறி ஓட ஆரம்பித்தார்கள்.

வெயிலில் பொழுதெல்லாம் நின்றவர்களின் கண் முன்னால், வேர்த்து விறுவிறுத்து வந்தவன் எல்லாம் உள்ளே போனான். வரிசை அவர்களுக்குப் பெயர் வைத்தது, மலைக்காரன். மூச்சு வாங்கிக்கொண்டு யார் வந்தாலும் முதலில் சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நனைந்திருந்தால் அடித்தார்கள். வாட்ச்மேன் அடி வாங்கியது அப்படி அடிபட்ட ஒருவனை விலக்கிவிடப் போய்த்தான். அந்தக் கோபத்தை இன்றும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் உண்மையாகவே ஏமாற்றப்பட்டிருந்தார்கள்.

நைனா பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். ஜுரம் வந்து நாலைந்து நாள் ஆன பின்புதான் வாயைத் திறந்து சொன்னார். அன்று காலை அவர் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. லோடு ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். கத்திரி வெயில். இறக்கும்போது அவர் சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பாவா வாசலுக்கு நடந்தார். வரிசை முதலில் சிரித்தது.

கேட்டை ஒட்டி நின்றவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், பாவாவோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர், பாவா கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். மூன்று நாளாகக் காகிதத்துக்கு நின்றுகொண்டிருந்தார். "இன்னா மச்சி, மாமனார எத்தினி படி ஏத்துன?" என்றார்.

"வழி வுட்றா. நெசமா மூச்சு இல்லடா."

"ஆங். அன்னிக்கு உனுக்குகூட நெசமாத்தான் இல்ல."

பின்னால் ஒரு பெண், "பெரியவரே, நல்லா வாங்குறீங்கோ மூச்சு, மருமவன் சொல்லிக் குடுத்தாரா?" என்றாள். நான் கும்பிட்டபடி, "அவருக்கு ஆக்சிஜன் குறையுதுங்க, தயவுசெய்து விடுங்க" என்றேன். "சாட்சிக்கு படிச்சவன வேற கூட்டினு வந்துகிறான்" என்று யாரோ என் பிடரியில் அறைந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கைகள்தான். நைனாவின் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். பாவாவின் கையிலிருந்து அவர் நழுவி முகம் படிக்கட்டில் மோத விழுந்தார். முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். ஒரு செருப்புக் கால் அவர் விரல்களை மிதித்துத் தாண்டியது. அந்த அண்ணன் கேட்டின் இடைவெளியில் இரண்டு கையையும் விரித்து நின்றார். "மொதல்ல நாங்கோ, அப்புறம் மலைக்காரன்."

சுவரோரம் காலி சிலிண்டர்கள் நின்றன. அவற்றைத் திருகித் திறக்கும் இரும்பு ஸ்பேனர் ஒன்று அங்கே கிடந்தது. பாவா அதை எடுத்தார். முதல் அடி தோளில், இரண்டாவது முகத்தில். தேங்காய் உடைகிற மாதிரி இல்லை அந்தச் சத்தம், ஈரமாக இருந்தது. அந்த அண்ணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பாவா நிறுத்தவில்லை. ஒன்றுமே செய்யாமல் ஒதுங்கி நின்ற ஒருவரின் கையையும் உடைத்தார். நைனாவுக்காக மட்டும் அவர் அடித்தார் என்று சொன்னால் பொய். தன்னைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மை என்பதற்காகவும் அடித்தார் என்றே நினைக்கிறேன்.

பத்துப் பேர் அவர்மேல் விழுந்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள், தலையைக் கேட்டில் மோதினார்கள். அவர் கேட் மூடாதபடி அதன் தண்டவாளத்தின் குறுக்கே படுத்துக்கொண்டார். "இஸ்துனு போடா உள்ள" என்றார் என்னிடம். நைனாவின் அக்குளில் கைகொடுத்து, பாவாவின் இடுப்பின் மேலாகவே இழுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் நைனாவின் உதட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து அழுத்தினார்.

போலீஸ் விசில் கேட்டதும் கூட்டம் கலைந்தது. வாசலில் அந்த அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். காது கிழிந்து தொங்கிய பாவாதான் அவரைத் தூக்கி அதே லோடு ஆட்டோவில் படுக்க வைத்து, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே கண்ணைத் தொடுவதற்கு முன் பரிசோதனை முடிவு வேண்டும் என்றார்கள். மூன்று நாள் நின்றும் கிடைக்காத குச்சி அங்கே அந்த அண்ணன் மூக்குக்குக் கிடைத்தது. நோய் இல்லை என்று முடிவு வந்தபோது கண்ணில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

நைனா பிழைத்து வந்தார். ஒரு மாதம் கழித்து ஸ்டாண்டுக் கொட்டகையில், புகார் வேண்டாம், பேசி முடிப்போம் என்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தோம். எவ்வளவு கேட்பது என்று அந்த அண்ணனுக்கே தெரியவில்லை. "உன் மாமனார் உசுருக்கு எவ்ளோ போடுவியோ, அத்தையே என் கண்ணுக்குப் போடு" என்றார். படித்தவன் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எந்தப் பாடத்திலும் அதற்குக் கணக்கு இல்லை. நைனாதான் மாஸ்க்கைக் கீழே இறக்கிப் பேசினார். "என் உசுரா? ஒரு நாள் கூலியகூட எனுக்கு எவனும் முழுசா குடுத்ததில்ல. அத்த வெச்சி கணக்கு போடாதப்பா, நீ நஷ்டப்பட்டுடுவ." அந்த அண்ணன் சிரித்துவிட்டார். கட்டுப் போட்ட பக்கம் முகம் அசையவில்லை.

"வண்டிய வித்துட்றேன். வர்றது பூரா உனுது" என்றார் பாவா. இப்போது அவர் வேறொருவர் வண்டிக்கு மூட்டை தூக்குகிறார், அதிகம் சிரிப்பதில்லை. ஆட்டோவை வாங்க அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்த்தார், டயரை உதைத்தார், பின்தட்டுப் பலகையில் கழுவியும் போகாத கறையைக் காட்டி ஐயாயிரம் குறைத்தார். கடைசியில் பாவா கையில் எண்ணிக் கொடுத்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.