ஜெயராணிக்கு எவ்வளவு மாத்திரை

ஒரே மாத்திரை அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்கிறது, நமக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அது ஏன் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் டாக்டரைத் திட்டியிருப்பீர்கள், அல்லது மருந்துக் கம்பெனியை. பல நேரம் காரணம் உங்கள் அப்பா அம்மா வழியாக வந்த ஒரு ஜீனில் இருக்கும். சிலர் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளிவிடும். சிலர் உடம்பு பிடித்து வைத்துக்கொண்டு விடாது. யார் எப்படி என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்வதற்குப் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இத்தனை வருடத்தில் எந்த ஜீனும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பேசுகிறவர்கள் அதை உடம்பில் வைத்திருப்பவர்கள்தான்.

ஒரே சட்டிச் சோறு

இதய வால்வு மாற்றியவர்கள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். மாத்திரையின் வேகம் குறைந்தால் புது வால்வில் ரத்தம் உறையும். கூடினால் சின்னக் கீறல்கூட நிற்காமல் ஒழுகும். இந்த மாத்திரையைப் பற்றிய எங்கள் ஆய்வில்தான் ஜெயராணி வந்து சேர்ந்தார். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். கணவர் கடலுக்குப் போகிறவர்.

உப்பளத்தில் காலில் கீறல் படாமல் ஒரு நாள் போகாது. அதனால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு பரிசோதனையில் நிலையாக நிற்கும்வரை பாத்தியில் இறங்கக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். தை பிறந்து உப்பு வேலை தொடங்கிவிட்டது. மேஸ்திரி நல்ல மனிதர். ஈஸ்டர் வரைக்கும் ஜெயராணி இடத்துக்கு வேறு ஆள் போடாமல் வைத்திருக்கிறேன், அதற்குமேல் கேட்காதே என்று சொல்லிவிட்டார். அந்த இடம் போய்விட்டால் அந்த வருட உப்பே போன மாதிரி. இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. ரத்தம் எடுக்க உட்காரவைத்தபோது என்னிடம் சொன்னார்.

சொல்லிக்கொண்டே ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ஊசி என்றாலே அவருக்கு ஆகவில்லை. துணைக்கு வந்திருந்த நாத்தனார் ஸ்டெல்லா உடனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். உன் ஜீன் வேறு, உன் அண்ணி ஜீன் வேறு, நீ கொடுத்தால் கணக்கு தப்பாகிவிடும் என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கையை மட்டும் மடக்கவில்லை. "அண்ணி வந்ததுலேர்ந்து ஒரே சட்டிலதான் சாப்புடறோம் மேடம். ரத்தம் மட்டும் எப்பிடி வேற வேறயா போவும்?"

சிறிய அளவு

கடைசியில் ஜெயராணியே கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் கொடுத்தார். முடிவு வந்தது. அவர் உடம்பு அந்த மாத்திரையை மெதுவாகக் கரைக்கிற ரகம். மற்றவர்களுக்கு ஐந்து மில்லிகிராம் செய்கிற வேலையை அவருக்கு இரண்டு செய்துவிடும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இப்படி ஒரு முடிவு வருவது வீட்டில் விசேஷம் மாதிரி. டாக்டர் இரண்டு என்று எழுதினார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு அசையாமல் நின்றது. இப்படியே இன்னும் சில வாரம் நின்றால் பாத்தியில் இறங்கலாம் என்றார். கூடவே, கீரை சாப்பிடுவீர்களா என்ற வழக்கமான கேள்வியையும் கேட்டோம். கீரை இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் எல்லோரிடமும் கேட்பதுதான். "மீனு கெடைக்கிற ஊர்ல கீரைய யாரு மேடம் தேடுவா?" என்று சிரித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கோ மனக்குறை. வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பெரிய முதலியார்சாவடி ஊர்க்காரருக்கும் வால்வு மாற்றியதுதான். அவருக்கு ஐந்து எழுதியிருந்தது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். உங்கள் உடம்புக்கு இதுவே போதும், இது நல்ல செய்தி என்றேன். கொஞ்சமும் நம்பவில்லை. "அந்தாளுக்கு அஞ்சு, எனக்கு ரெண்டா? ரேஷன் கடையிலகூட இப்பிடிப் பண்ணமாட்டாங்க மேடம்."

அளவு இறங்கியது

மாசி முடியும் நேரத்தில் அளவு திடீரென்று கீழே போனது. இன்னொரு தடவை பார்த்தோம், இன்னும் கீழே. மாத்திரையை உடம்பு விடாமல் பிடித்து வைக்கும் என்று எங்கள் சோதனை சொல்கிறது. மாத்திரை போட்டதற்கான அடையாளமே குறைவு என்று ரத்தம் சொல்கிறது. வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க டாக்டர் அவசரத்துக்கு ஊசி எழுதினார். ஊர் சுகாதார நிலையத்தில் தினம் போட்டுக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை வந்தால் மாத்திரையைக் கூட்டிவிடலாம் என்றார். பிறகு, கேட்க வேண்டிய கேள்விதான், "ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டார். ஜெயராணிக்கு முகம் சிவந்துவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன் காதர் பாய்க்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். அன்றைக்கு நாற்காலியில் இரண்டு பேர் கையை நீட்டியிருந்தார்கள். எந்தக் கை என்று உங்களுக்கு நிச்சயமா என்று கேட்டார். நான் நிச்சயம் என்றேன். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த இறக்கம் தெரியும். மறுபடியும் ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தூக்கம் வரும். ஜெயராணி இனி திங்கட்கிழமைக்கு முன் இந்தப் பக்கம் வரமாட்டார். நான்தான் போக வேண்டும். காதர் பாய் ஐஸ் பெட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "நாத்தனார் ரத்தம்னே வெச்சுக்கங்க மேடம். நாத்தனாருக்கு வால்வு நல்லாத்தான இருக்குது, நாம எதுக்குக் கவலைப்படணும்?"

லக்கேஜ்

கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு ஏறுகிற யாரையும் கண்டக்டர் மீன்காரராகத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சாலையில் ஐஸ் பெட்டிக்கு வேறு வேலை இருந்ததில்லை. கீழே வைங்க, தண்ணி ஒழுகினா யாரும் உக்காரமாட்டாங்க, லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றார். மீன் இல்லை, இது ரத்தம் வைக்கிற பெட்டி என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்த அம்மா தன் கூடையை நகர்த்திக்கொண்டார்.

கண்டக்டர் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். ஐஸ் பைகளைத் தவிர ஒன்றுமில்லை. ரத்தம் எங்கே என்றார். இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றேன். அனுமந்தை தாண்டும்வரை இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் போல. நான் இறங்குவதற்கு முன் வந்து டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். "காலிப் பொட்டியோட மரக்காணம் போறவங்க வரும்போது காலியாவா வரப் போறீங்க?"

சாப்பாடு

ஜெயராணி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். உள்ளே போனார். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினார். ஒன்றுகூட விட்டதில்லை என்பது தெரிந்தது. "நா பொய் சொல்லுவேனா மேடம்? எனக்கு வேலைக்குப் போவணும். பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கையை நீட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் சாப்பிடாமல் அனுப்ப மனமில்லை. தட்டு வைத்தார்.

சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், தொட்டுக்கொள்ள உப்பளக் கரையில் பறித்த உமிரிக்கீரை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் இப்படி ஒரு சாப்பாட்டை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு மீன் வரவில்லையா என்று கேட்டேன். ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் என்றார். மற்ற வருடங்களில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கவுச்சி கிடையாது. இந்த வருடம் ஆபரேஷனில் பிழைத்ததற்காக நாற்பது நாளும் சைவம் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். கொல்லையில் இரண்டு முருங்கை மரம். கடைக்குப் போகிற வேலையில்லை. நேரத்துக்கு ஒரு கீரை.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கீரை சாப்பிடுவீர்களா என்று நாங்கள் கேட்டது தை மாதத்தில். அவர் சொன்ன பதில் உண்மை. தவக்காலத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மில்லிகிராம் மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, இரண்டு முருங்கை மரம் மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதுதான் மூலையில் ஸ்டெல்லா முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவது கண்ணில் பட்டது. தட்டில் வஞ்சிரத் துண்டு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். "நேந்துக்கிட்டது அண்ணி. மீனு என்ன பாவம் பண்ணுச்சு மேடம்?"

திங்கட்கிழமை

டாக்டர் மாத்திரையைக் கூட்ட எழுதத் தயாராக இருந்தார். நான் கீரையைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். இப்போது கூட்டியிருந்தால் ஈஸ்டர் வரை அளவு சரியாக இருந்திருக்கும். ஈஸ்டர் அன்றைக்கு வீட்டில் மீனும் கறியும் வரும், கீரை போகும். எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் மாத்திரை தன் போக்கில் வேலை செய்யும். அந்த வாரம்தான் ஜெயராணி உப்பில் கால் வைக்கப் போகிற வாரம். ஒரு கீறல் பட்டால் ரத்தம் நிற்காது. மறுபடி எடுத்த சோதனையும் பழைய முடிவையே சொன்னது. அது அவர் ரத்தம்தான், மெதுவாகக் கரைக்கிற ரகம்தான். மாத்திரை அதே இரண்டு; ரத்தம் சரியான அளவுக்கு வரும்வரை ஊசி தொடரட்டும், கீரையை நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

ஜெயராணிக்கு முகம் வாடிவிட்டது. நேர்ந்ததை விடச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். நீங்கள் மீன் சாப்பிட வேண்டாம், நேர்ந்தது நேர்ந்தபடி இருக்கட்டும், கீரைக்குப் பதில் பருப்பு, பூசணி, வெண்டைக்காய் என்று போங்கள் என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியே உப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள், இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் அது. ஜெயராணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கவுச்சிய மாதாவுக்கு விட்டாச்சு. கீரைய மேடத்துக்கு விட்டாச்சு. உப்பையும் டாக்டருக்கு விட்டுட்டா, உப்பளத்துக்காரி நா என்னத்தத்தான் துன்றது?"

பாத்தி

அளவு ஏறிச் சரியான இடத்துக்கு வந்தது, ஊசி நின்றது. ஆனால் ஈஸ்டர் கழித்து, சாப்பாடு மாறிய பிறகு ஒரு தடவை பார்க்காமல் டாக்டர் விடுவதாக இல்லை. மேஸ்திரி சொன்ன கெடு ஈஸ்டரோடு சரி. நடுவில் இருந்த சில நாட்களுக்கு ஸ்டெல்லா மேஸ்திரியிடம் போய், அண்ணி பங்கையும் நானே வாருகிறேன், ஆள் போடாதீர்கள் என்று நின்றிருக்கிறாள். வாரியும் காட்டியிருக்கிறாள். ஈஸ்டர் முடிந்த வாரம் ஜெயராணியை அழைத்துவந்தபோது அவள் உள்ளங்கையில் கொப்புளம். பரிசோதனைச் சீட்டை டாக்டர் படித்து முடிப்பதற்குள் ஜெயராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அளவு இம்மிகூட அசையவில்லை. ரப்பர் பூட்ஸ் போட வேண்டும், கையுறை போட வேண்டும், கீறல் பட்டால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சில நாள் கழித்து நானே மரக்காணம் போனேன். பெட்டி இல்லாமல் போனதால் லக்கேஜ் இல்லை. வெயில் ஏறத் தொடங்கிய நேரம். பாத்தி வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. ஜெயராணி முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நீளமான பலகையால் உப்பை வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். எதிர் வரப்பில் ஸ்டெல்லா கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, மாத்திரை போட்டாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பலகையை நிறுத்தாமலே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கறேன் மேடம். கொஞ்சம் நவுந்து நில்லுங்க, உங்க நெழலு பாத்தில வுழுது."

மருந்து சரியாக வேலை செய்தால் அந்த ஆளுக்கு நம்மைப் பார்க்க நேரமிருக்காது என்பது ஒன்றுதான், இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் யாரோடும் வாதாடாமல் ஏற்றுக்கொண்ட முடிவு.