முடிச்சு மாறிய வைக்கோல்

சேரன்மகாதேவி பூதத்தான் வைக்கோல் வாங்குவதைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பீர்கள். ஒரு தாளை உருவி ஒடிப்பான், மோந்து பார்ப்பான், வாயில் போட்டு மெல்லுவான். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் களத்துக்காரரை நாலு பேர் முன்னால் ஏசிவிட்டு நடையைக் கட்டுவான். அவனிடம் நான் பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

ஆற்றங்கரை வைக்கோலை நாங்குநேரிப் பக்கத்து வறண்ட ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது அவன் தொழில். எந்தக் களத்துக் கட்டு என்று தெரிவதற்காக, கட்டுகிற பிரிக் கயிற்றிலேயே ஓர் அடையாளம் சேர்த்து முடிச்சுப் போடுவான். கைலாசம் பிள்ளை களத்துக்குத் தென்னை ஈர்க்கு, வாய்க்கால்கரைக் களத்துக்கு வாழைநார். "வைக்கலுக்கு ஜாதகம் கணிக்கீரோ வே?" என்று சந்தையில் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டுமே. அவன் முடிச்சு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, சித்திரை. அந்த அறுப்பின் கடைசி வண்டி, அவன் தங்கச்சி பேச்சித்தாய்க்குப் போனது. தாலியறுத்தவள். ஒரு சோடிக் காளைதான் அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இரண்டு களத்துக் கட்டுகளையும் அவிழ்த்துப் பாறையில் காயப்போட்டோம். திரும்பக் கட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டதால், கைக்கு வந்த பிரியால் கட்டினோம். "ரெண்டும் நல்ல களந்தானலே, கெட்டு" என்றான் பூதத்தான். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

நாலு நாள் கழித்துச் சேதி வந்தது. கைலாசம் பிள்ளை களத்தில் அறுப்புக்கு முன்னால் ஒரு மாடு அடைப்பான் நோயில் செத்திருக்கிறது. மூக்கில் ரத்தம் கொட்டின அதே இடத்தில் கதிரடித்திருக்கிறார்கள். கேட்டபோது சத்தியம் பண்ணி மறைத்த பாவிகள்! அந்தத் தாளைத் தின்ற மாடு பிழைக்காது. உடனே வண்டி பூட்டினோம்.

பேச்சித்தாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் தெருவே கூடிவிட்டது. எல்லாரும் அவனிடம் வாங்குகிறவர்கள். "எதைக் கொளுத்தணும் அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். மற்ற வீடுகளுக்கு முந்தின வண்டிகளில் போனது, முடிச்சு சரியாகத்தான் இருந்தது. தங்கச்சி வீட்டில் மட்டும் அத்தனையையும் கொளுத்த வேண்டும். அதைச் சொன்னால் முடிச்சு மாறினதையும் சொல்ல வேண்டும். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். நாசமாய்ப் போகிற வாய், எனக்கும் திறக்கவில்லை.

"ஈர்க்குக் கட்ட மட்டும் கொளுத்துங்க" என்றான்.

தெரு முழுக்கப் புகை. அதுவரை பழைய வைக்கோலையே போட்டிருந்த பேச்சித்தாய், வாழைநார்க் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காளைகளுக்குப் போட்டாள். "எங்கண்ணன் முடிச்சு இருக்கையில எனக்கென்ன பயம்" என்று சிரித்தாள். காளைகள் மென்றன. பூதத்தான் ஒரு காளையின் முதுகில் கையை வைத்தபடி நின்றான். கிளம்பலாமா என்று கேட்டேன். "இருலே, பாத்துட்டுப் போவோம்" என்றான்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அவனுக்குச் சோறு இறங்கியது, என்னை ஏசக்கூட ஏசினான். மூன்றாம் நாள் விடியலில் இடப்பக்கத்துக் காளை வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. மூக்கில் கறுத்த ரத்தம். வலத்தது நின்றபடி நடுங்கியது.

பேச்சித்தாய் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். ஆனாலும் அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லை. "வைக்கல் மேல குத்தமில்ல, எங்கண்ணன் பாத்த வைக்கல். எவ கண்ணு பட்டுச்சோ!" என்றாள். மீதிக் கட்டுகளைப் பக்கத்து வீட்டுச் சந்தனமாரியின் பசுவுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். சந்தனமாரி குனிந்து ஒரு கட்டைத் தூக்கினாள்.

அப்போதுதான் பூதத்தான் வாயைத் திறந்தான். "போடாதளா. மழையில அவுத்தப்ப முடிச்சு மாறிப்போச்சு. எது எந்தக் களம்னு எனக்கே தெரியாது."

பேச்சித்தாயின் அழுகை நின்றது. "இது எப்பண்ணே தெரியும் ஒனக்கு?"

"இங்க வரும்போதே தெரியும்."

அவள் சந்தனமாரி கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"காள திங்கையில நீ பக்கத்துலதான அண்ணே நின்ன" என்றாள்.