பந்தி தொடங்கிய இடம்

மணியாச்சி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது செல்வமணி டீச்சரின் தம்பி அழைத்தார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா. காலையில நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." எனக்கு முன்னால் யார் யாருக்குச் சொன்னார் என்று கேட்கத்தான் முதலில் வாயெடுத்தேன். டீச்சரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? கூடவே வேலை பார்த்த காலமெல்லாம் அவர் மீது எனக்குப் பொறாமை.

கோவில்பட்டிப் பள்ளியில் நான் தமிழ், அவர் வரலாறு. அய்யா வழிக்காரர்களின் வழிபாட்டிடங்களான தாங்கல்களில் இருவரும் பேசுவோம். தலையில் துண்டு கட்டக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்கள், தலைப்பாகையோடு கண்ணாடி முன் நின்று தமக்குள்ளேயே இறைவனைக் கண்ட கதையை நான் சொன்னால் கூட்டம் கைதட்டும். டீச்சருக்குக் கைதட்டல் கிடையாது. ஆனால் பேசி முடித்ததும் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நான் தனியாக வாசலில் நிற்பேன்.

"கண்ணாடியில நம்ம மொகம் மட்டும் தெரிஞ்சா போதுமா அண்ணாச்சி? பக்கத்துல நிக்கவிய மொகமும் தெரியணும்லா" என்பார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வீடுவரை குமைந்திருக்கிறேன்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு தாங்கலில் திருவிழா. ஒரே கிணற்றில் நீர் இறைத்து, ஒரே பந்தியில் உண்ணச் சொன்ன வழி இது என்று பேசிவிட்டு இறங்கினேன். நல்ல பேச்சு. சாப்பாட்டு நேரத்தில், உப்பள வேலைக்கு வந்து குடியேறியவர்களைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். "நீங்க தூக்குவாளியில வாங்கிட்டுப் போங்க" என்றார் பரிமாறியவர்.

விழாத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் டீச்சர் இலையோடு வெளியே போய், கைக்குழந்தையுடன் நின்ற மாரியம்மாள் என்ற பெண்ணிடம், "ஏட்டி, உக்காரு. எனக்கும் எடம் விடு" என்று கரிசல் மண்ணில் அமர்ந்துவிட்டார். "பந்தி இங்கனருந்து தொடங்குது. சோறு கொண்டாங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து அவருக்கு அடுத்து உட்கார்ந்தார். பந்தி அங்கிருந்து நீண்டு பந்தலுக்குள் போயிற்று. மறு வருடம் எல்லாருக்கும் உள்ளேயே இலை போட்டார்கள்.

அடக்கத்தன்று மாரியம்மாள் பஸ் மாறி வந்திருந்தாள். "எங்க கூட மண்ணுல உக்காந்தவியல்லா" என்று அவள் அழுதபோது, அங்கே கிடத்தப்பட்டிருந்தவர் மீது எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. என் பேச்சை நினைத்து யார் அழப்போகிறார்கள்?

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். அது தணிய வேண்டாம். தணிந்தால், அடுத்த பந்தியில் வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே நான் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.