அமாவாசைல கேட்ட புல்புல் சத்தம்

செவ்வாய்க்கிழமை காலைல அம்மனுக்கு விளக்கேத்திட்டு திரும்பறேன், வாசல்ல என் கொழுந்தனார் காலுல செருப்பு கூட இல்லாம நிக்கறாரு. "அண்ணி, வச்சலா நம்மள வுட்டுப் பூட்டா"ன்னாரு. அவ்ளோதான். அவங்க இப்ப இருக்கற சேவூர்லேர்ந்து நடந்தே வந்திருக்காரு மனுஷன்.

அவரு பொண்டாட்டி வச்சலா எனக்கு ஓரகத்தி, எட்டு வயசு சின்னவ. ஆரணில ஒரே வூட்டுல பதினோரு வருஷம் இருந்தோம். நம்ம தெரு ஜனங்களுக்கு அவளைத் தெரியும். ஆனா சாவு வூட்டுலயே ஒருத்தி வாய் கூசாம, "வேலை வெட்டி இல்லாம புல்புல் தட்டிகினு கெடந்தவ"ன்னா. அத கேட்டுட்டு நான் சும்மா இருக்கறதா? அதான் எழுதறேன். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது, தப்பு இருந்தா திருத்திப் படிங்க.

வேலை வெட்டி இல்லியாம்! வூட்டுல ரெண்டு தறி, பதிமூணு பேருக்கு சோறு. விடிஞ்சா அடுப்பு. அப்புறம் தறி நாடாவுக்குள்ள போடற குச்சில பட்டுநூல தார் சுத்தணும், ஒரு இழை அறுந்தா தறிலேர்ந்து ஆம்பளைங்க கத்துவாங்க, அந்தப் பக்கம் மாமியார் பேச்சு. எனக்கு பேஜார் ஆச்சுன்னா அம்மா தாயேன்னு அழுவேன். வச்சலா அழ மாட்டா. மத்தியானம் சோத்துப் பானையக் கழுவிக் கவுத்துட்டு, நெல்லு மூட்டை ரூமுல போயி கதவைச் சாத்திக்குவா. உள்ள அவ அண்ணன் வேலூர்ல வாங்கிக் குடுத்த புல்புல்தாரா வாத்தியம் இருக்கும். டைப் மிஷின் மாதிரி வரிசையா கட்டை. ஒரு கையால அத அமுக்கி, இன்னொரு கையால கம்பியத் தட்டணும்.

பெரிய வித்வான்னு நெனச்சுக்காதீங்க. எந்தப் பாட்டும் முழுசா வராது. பாதில தடுக்கும், திரும்ப மொதல்லேர்ந்து. கால் மணி நேரம்தான், வெளிய வரும்போது மொகம் தெளிஞ்சிருக்கும். "இதென்னடி பைத்தியம்?"னேன். "வாயத் தொறந்தா சண்டை வரும்க்கா. இத தட்டுனா வாய் தானா மூடிக்குது"ன்னா.

நாலு வருஷம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க தறி டக்கு டக்குன்னு ஓடும்போது புல்புல் யார் காதுல விழும்? அந்த சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிகினு வாசிச்சா.

எமர்ஜென்சி சமயம், ஒரு ஆடி அமாவாசை. அமாவாசைக்கு தறி ஓடாது, நம்மளுக்குச் சொல்லணுமா? காலைலேர்ந்து படையல் வேலை. வடை கொஞ்சம் கருகிடுச்சு. "உங்கம்மா வளத்த லட்சணம்"னு மாமியார் ஆரம்பிச்சாங்க. வச்சலா கரண்டிய வெச்சிட்டு ரூமுக்குப் பூட்டா. கோவத்துல நாளே மறந்துட்டா. தெருவே கம்முனு கெடக்குது, கடைசி வூடு வரைக்கும் டிங்கு டிங்குன்னு கேக்குது!

மாடில காக்காவுக்குச் சோறு வெச்சி கூப்பிட்டுகினு இருந்த மாமியார் எறங்கி ஓடியாந்தாங்க. "செத்தவங்க வயிறு காயுது, இவ கச்சேரி பண்றா! ஒரு காக்கா கூட வரல!"

வச்சலா கைய எடுக்கல. "காக்காவுக்குப் பசிக்கலியோ என்னவோ, அத்த."

அம்மாடி! "இந்தப் பொட்டி அடுப்புல எரியணும், இல்ல இவ பொறந்த வூட்டுக்குப் போவணும்"னு மாமியார் குதிச்சாங்க. வச்சலா பொட்டிய நெஞ்சோட அணைச்சிகினா. "இதுவும் நானும் ஒண்ணாதான் வந்தோம். போனா ஒண்ணாதான் போவோம்." கொழுந்தனார் தரையப் பாத்துகினு நின்னாரு. வச்சலா அழல, புடவை மூட்டை கட்டப் பூட்டா.

எனக்கு எங்கேர்ந்து தைரியம் வந்துச்சோ, குறுக்க போயி நின்னேன். "அத்த, நாந்தான் வாசிக்கச் சொன்னேன். நேத்து மாமா கனவுல வந்து, சின்னவள ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுன்னாரு."

பச்சைப் பொய். மாமனார் செத்து ஆறு வருஷம், ஒரு நாளும் என் கனவுல வந்ததில்ல. ஆனா விரதம் தவறாதவ நான், எம்பேச்ச மாமியார் நம்புவாங்க. அப்படியே ஒக்காந்துட்டாங்க. "எங்கிட்ட வராம உங்கிட்ட வந்தாராடி?"ன்னு அழுதாங்க. அப்புறம் முந்தானைல மொகத்தத் தொடச்சிகினு, "வாசிக்கச் சொல்லு"ன்னாங்க.

அதுக்கப்புறம் வச்சலா கதவைச் சாத்தினதே இல்ல. அமாவாசைல படையல் முடிஞ்சதும் மாமியாரே, "மாமாவுக்கு வாசிடி"ம்பாங்க. அவ என்னைப் பாத்து சிரிப்பா. "பாவம் வராதாக்கா?"ன்னு ஒரு தரம் கேட்டா. "வந்தா வரட்டும்"னேன்.

மாமியாரும் இல்ல, இப்ப அவளும் இல்ல. அவ நெனப்பா எங்கிட்ட இருக்கறது அந்தப் பொய்தான். படவேட்டம்மா சன்னதில எத்தனையோ தப்புக்கு கன்னத்துல போட்டுகினு இருக்கேன். இதுக்குப் போட்டதில்ல, போடவும் மாட்டேன். நாளைக்கு நான் செத்து மேல போயி, அந்த அம்மாவே நிக்க வெச்சுக் கேட்டாலும், மாமா கனவுல வந்தாருன்னுதான் சொல்லுவேன்.