விரல் நுழையாத இடத்தில் மட்கார்டு

சைக்கிள் கடை வேலையில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஐப்பசி மழையில் ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து "இதுக்கு ஒரு மட்கார்டு போட்டுக் கொடுங்க" என்று நிற்பவரை மட்டும் பொறுக்க முடியாது. அரை மீட்டர் துணியைக் கொடுத்து முழுக்கைச் சட்டை கேட்கப்பட்ட டெய்லர்களுக்கும், குளியலறை அளவு மனையில் மூன்று அறை கேட்கப்பட்ட மேஸ்திரிகளுக்கும் என் வேதனை புரியும். தொண்ணூறுகளில் மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி மாலையில் வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் நானும் மெக்கானிக் தேவராஜும்தான்.

ஐந்து பைசா இடைவெளி

கோபாலபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த சைக்கிள். கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், பார்க்கவே கண்ணைப் பறித்தது. கையோடு ஒரு ஜோடி இரும்பு மட்கார்டும் வாங்கி வந்திருந்தார். பால்காரர் சைக்கிளுக்குப் போடுகிற அகலமான சாமான். சாதாரண சைக்கிளில் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். இதில் ஐந்து பைசா நாணயத்தை நிறுத்தினால் அதுவே இடித்தது. மட்கார்டின் கம்பியை முடுக்க ஃபிரேமில் திருகு மாட்டும் காதும் இல்லை.

வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் மட்கார்டு ஒன்றை எடுத்து, பிரேக் வருகிற இடத்தில் இரண்டாக வெட்டி, முன்னால் ஒரு துண்டு பின்னால் ஒரு துண்டு என்று கிளிப் போட்டு மாட்டினோம். பாதி நாள் போயிற்று. இப்படி இடமே விடாமல் ஏன் செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். அந்த நாடுகளில் இது பந்தயத்துக்கு மட்டும், மழைக்கு வேறு சைக்கிள் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கையில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்த தேவராஜ் தலையைத் தூக்கி, "அப்போ ஒரே சைக்கிள் வெச்சிக்கினு கீறவனுக்கு இத்த இன்னாத்துக்கு நைனா அனுப்பி வெச்சாங்கோ?" என்றார்.

வெள்ளைச் சட்டை

முத்துப்பாண்டி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். மந்தைவெளியில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தான். அறையில் இருந்த ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ரேஸ் சைக்கிள்தான் அவனுக்கு வாகனம். கடையில் வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம். மட்கார்டு இல்லாத சைக்கிளில் ஈரத் தெருவில் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் சேற்றில் நேர்கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டோடு போனால் சூப்பர்வைசர் அவனைக் கவுண்டரில் நிற்கவிடாமல் மாடியில் குடோனுக்கு அனுப்பிவிடுவார். அங்கே பண்டல் பிரிக்கிற வேலை. கவுண்டரில் நின்றால்தான் நாலு பேர் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள், மேலே வரலாம் என்று அவனுக்கு ஆசை. பிரேக்கைக் கொஞ்சம் உயர்த்தி, மட்கார்டின் இரண்டு ஓரத்தையும் சூடுகாட்டி உள்ளே மடக்கி, எப்படியோ நுழைத்துக் கொடுத்தோம். தீபாவளிக்கு முன்னால் ஒரு மழை நாளில் கடை வழியாகப் போனவன், சைக்கிளை நிறுத்தி, முதுகைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனான். ஒரு பொட்டு இல்லை.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து மொட்டைத் தலையோடு வந்தான். திருப்பதியா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னான். அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்திருக்கிறது. லீவு கேட்டிருக்கிறான். தீபாவளி வாரத்தில் கவுண்டர் ஆளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குடோன் பையன் ஒருத்தனுக்கு அதே வாரம் லீவு கிடைத்திருக்கிறது. பண்டிகை முடிந்து இவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, தம்பிதான் கொள்ளி வைத்திருக்கிறான். சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சட்டையில சேறு இருந்திருந்தா குடோன்லதான் கெடந்திருப்பேன் அண்ணாச்சி, அம்மாவப் பாத்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை

அடையாறிலிருந்து ஒரு பெண் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக அண்ணனின் ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். அண்ணன் மஸ்கட் போய்விட்டான். துப்பட்டா சேறாகிறது என்று மட்கார்டு கேட்டாள். இந்த மாதிரி சைக்கிளில் முன் மட்கார்டு போட்டால் இன்னொரு வம்பு உண்டு: ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போது கால் பெருவிரல் போய் மட்கார்டில் இடிக்கும். அதைச் சொல்லி, திருப்பத்தில் பெடலை மிதிக்காதே என்று தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பழகவும் வைத்தோம்.

அப்படியும் பஸ் டெப்போ பக்கத்துத் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். மறுநாள் அம்மாவும் பெண்ணுமாக வந்தார்கள். பெண்ணுக்கு மேலுதடு தேன்குழல் மாதிரி வீங்கியிருந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்களாம், மாப்பிள்ளைக்கு நாற்பது வயதாம், இரண்டாந்தாரமாம், ஆனாலும் நல்ல இடமாம். அவர் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் சைக்கிளின் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். மட்கார்டைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். வீங்கிய உதட்டை வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல், "வேணாண்ணே, வெள்ளிக்கிழமை வரலைன்னு சொல்லிட்டாங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

சரக் சரக்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் குடியிருந்த பாட்டு வாத்தியாரை எங்களுக்கு முன்பே தெரியாது. அவர் மகனைத் தெரியும். காற்றடிக்க வருவான். கனம் குறைய வேண்டும் என்று சைக்கிளிலிருந்து ஸ்டாண்டு, பெல், கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டவன். சிநேகிதர்களோடு திருவான்மியூர் கடலில் குளிக்கப் போனான். சைக்கிளை வேறு யாரோதான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அந்தச் சைக்கிளோடு வாத்தியார் வந்து நின்றார். வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். பஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை, இதுவும் சும்மாதானே நிற்கிறது என்றார். வேட்டி சேறாகாமல் மட்கார்டு வேண்டும், ஆனால் சைக்கிளில் எங்கேயும் துளை மட்டும் போடக்கூடாது. தேவராஜ் பழைய டியூபைப் பட்டையாக நறுக்கி ஃபிரேமில் சுற்றி, அதன்மேல் கிளிப்பை இறுக்கினார். எவ்வளவு நகர்த்தியும் பின்பக்கம் ஒரு ஓரம் டயரில் பட்டுக்கொண்டே இருந்தது. சக்கரம் சுற்றினால் சரக் சரக் என்று சத்தம்.

வாத்தியார் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் பொறுத்தால் இதைவிட மெல்லிய டயர் வரும், மாற்றினால் சத்தம் நின்றுவிடும் என்றேன். வேண்டாம் என்றார். போகப் போகத் தொந்தரவாக இருக்குமே என்று நான் வற்புறுத்தினேன். அவர் மேல்துண்டால் சீட்டில் இருந்த ஈரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும். சத்தமில்லாம ஆத்து வாசல்ல போய் நின்னா, அவன்தான் வந்துட்டான்னு அவன் அம்மா ஓடி வந்துடறா."

தேவராஜின் முதுகு

ஊருக்கெல்லாம் மட்கார்டு மாட்டிய தேவராஜின் சொந்தச் சைக்கிளில் மட்கார்டு கிடையாது. அதுவும் ரேஸ் சைக்கிள்தான். இளவயதில் பீச் ரோடு பந்தயங்களில் ஓட்டியவர், ஒன்றிலும் ஜெயித்ததில்லை. மட்கார்டு போட்டுவிட்டால் அது ரேஸ் சைக்கிளே இல்லை என்பது அவர் கட்சி. மழை நாளில் திருவான்மியூரிலிருந்து வந்து இறங்கும்போது முதுகில் அந்தக் கோடு இருக்கும். சாயங்காலம் போகும்போது இன்னொரு கோடு. மறுநாள் காலையில் சட்டை பளிச்சென்று இருக்கும். அவர் மனைவி கன்னியம்மா துவைக்கிற துவைப்பு அப்படி. ஒருமுறை கடைக்கு வந்தபோது, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்குப் பதில் ஒரு துவைக்கிற கல்லைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு கார்த்திகையில் தேவராஜ் பல நாள் வரவில்லை. கன்னியம்மாவுக்கு வலது கை, கால் இழுத்துவிட்டது, பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். பேச்சு தப்பியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது, கை மட்டும் வரவில்லை.

தேவராஜ் மறுபடி வேலைக்கு வந்த அன்று காலையில், வந்ததும் வராததுமாகத் தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார். புது மட்கார்டு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து வெட்ட ஆரம்பித்தார். பிடித்துக்கொள்ளப் போனேன், விடவில்லை. எத்தனையோ பேருக்குச் செய்த வேலை, அன்றைக்கு அவருக்கு வரவே இல்லை. வெட்டியது கோணலாகப் போனது, கிளிப் கை நழுவி விழுந்தது. ஒருவழியாக மாட்டி நிமிர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது எங்கேயும் படாமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் தேவராஜ், போடவே மாட்டேன் என்றாயே என்று கேட்டேன். சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கை வரலன்னாலும் நான்தான் தோய்ப்பேன்னு ஒத்தக் கைய வெச்சிக்கினு கல்லாண்ட போய் உக்காந்துக்கறா நைனா, அத்த என்னால பாக்க முடியல."

ரேஸ் சைக்கிளுக்கு மட்கார்டு போட முடியுமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், போடலாம், ஆனால் சட்டை முதுகுக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்று சொல்லிவிடுகிறேன்.